ஏழாம் படியில் தண்ணீர்

காலை ஆறு நாற்பதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மோட்டார் ரூம் ஜன்னலில் வைக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். மதினி எப்போதும் எனக்கு முன்பே வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மேடு காலியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம். நான் காத்திருக்கவில்லை.

மதினி என்று சொல்வது என் கணவரின் அக்காவை. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் வழியில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் நடுவில் ஒரு பழைய கிணறு. சதுரமாக, அகலமாக வெட்டியது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள் பதினான்கு. பதினான்காம் படிக்குக் கீழே, வெட்டும்போது உடைக்க முடியாமல் விட்ட பாறைத் திட்டு ஒன்று, நான்கு பேர் நிற்கலாம் போல. அந்தக் கிணற்றில், நாற்பதாவது வயதில், நான் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தேன். மதினியைத் தவிர யாருக்கும் தெரியாது.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏன் என்று கேட்டால் சொல்வதற்குக் கதை எதுவும் இல்லை. யாரும் மூழ்கி நான் பார்த்ததில்லை. பிறந்து வளர்ந்தது அல்லிநகரத்தில், குழாயிலும் டிரம்மிலும் மட்டுமே தண்ணீர் பார்த்த வீட்டில். அம்மாவுக்கு இந்தப் பயம் இருந்தது. எனக்குத் தலைக்கு ஊற்றும்போது ஒரு கையால் என் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டுதான் ஊற்றுவார். அந்தக் கை இல்லாமல் தலையில் தண்ணீர் விழுந்தால் இன்றும் எனக்கு மூச்சு முட்டும். அம்மாவிடமிருந்து மூக்குத்தி எனக்கு வந்தது, இதுவும் வந்தது.

கல்யாணமாகி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகு, எங்கு திரும்பினாலும் தண்ணீர். ஆறு, வாய்க்கால், கிணறு, மலையிலிருந்து விழும் அருவி. சின்னப் பிள்ளைகள் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பதைப் பேருந்து ஜன்னலில் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். நான் உத்தமபாளையத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அனுமந்தன்பட்டி தாண்டும்போது ஒரு பக்கம் வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கும். வானம் அதில் கிடக்கும். மற்றவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். நான் என் பைக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன்.

மகள் ஏழாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து சுருளி அருவிக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். கம்பத்தில் இருந்துகொண்டு சுருளிக்குப் பிள்ளையை அனுப்பாதவள் யாராவது இருப்பாளா? நான் இருந்தேன். காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். அவள் தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் மாலை அவள் வகுப்புப் பெண்கள் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு எங்கள் தெரு வழியே போனார்கள். இவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு தன் நெற்றியைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் முடிவெடுத்தேன். என் பயம் போகிறதோ இல்லையோ, இவளிடம் போய்ச் சேரக்கூடாது. அடுத்த வருடம் அந்தத் தாள் வரும்போது நான் கை நடுங்காமல் கையெழுத்துப் போட வேண்டும்.

அலுவலகத்தில் பழகிய கை, எதையும் கட்டம் போட்டால்தான் நம்பும். மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வாரம், செய்ய வேண்டியது, செய்தது, குறிப்பு என்று நான்கு பத்தி. முதல் வாரம் கிணற்று மேட்டில் நின்று நூறு எண்ணும்வரை தண்ணீரைப் பார்ப்பது. இரண்டாம் வாரம் மூன்று படி இறங்குவது. அப்படியே படிப்படியாக, கணுக்கால், முழங்கால், பாறைத் திட்டில் நின்று இடுப்பளவு. பிறகு பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டிக்கொண்டு கால் தூக்குவது. அதன் பிறகு கேன் இல்லாமல். பதினான்கு வாரம். பள்ளியில் தாள் வருவதற்கு முன் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மதினியிடம் நோட்டைக் காட்டியபோது முழுவதும் படித்துவிட்டு, "ஏத்தா, இதுக்கு ஆபீசர் கையெழுத்து வேண்டாமா?" என்று கேட்டார். பிறகு, "ஃபைல் நகட்டுற மாதிரில்ல கெணத்துல எறங்கப்போறே. எங்க வீட்டுல என்னயக் குண்டுக்கட்டாத் தூக்கிப் போட்டாக. மறுநா நீந்துனேன்" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆறரைக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் அவர் வீட்டுக்குப் போவோம். கணவர் கம்பத்தில் கடையோடு இருந்துவிடுவார். காலையில் மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு வருவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால், நான் விழித்திருந்து வாழ்ந்த நாட்கள் மாதிரித் தோன்றுவதில்லை. மேற்கே மலை பாதிவரை மஞ்சில் கரைந்திருக்கும். திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நடக்க வேண்டும். இலைகளின் வழியே இறங்கும் வெளிச்சம் பச்சையாக இருக்கும். என் கையும் புடவையும் பச்சையாகத் தெரியும். கொத்துகள் தலையில் இடிக்கும். இலைக்கு அடித்த மருந்தின் வாசமும் ஈர மண் வாசமும் கலந்து வரும். கிணற்றுக்குள் போவதற்கு முன்பே நான் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருக்கும். பந்தல் முடிகிற இடத்தில், வெளிச்சத்துக்குள் கிணறு சும்மா கிடக்கும்.

கிணற்றில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தண்ணீரைப் பார்த்தால் கால் வராது. அதனால் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு படியை எண்ணி எண்ணி இறங்குவேன். பத்தாம் படியில் நின்று, அங்கே வைத்துக் கேனைக் கட்டிக்கொள்வேன். மேலேயே கட்டினால் கேன் சுவரில் இடித்து என்னைத் தள்ளிவிடும். பன்னிரண்டாம் படியில் தண்ணீர் காலைத் தொடும். பதினான்குக்குக் கீழே பாறை. பாறையில் நின்றபிறகு கண்ணைத் திறப்பேன். இதையும் நோட்டில் எழுதியிருந்தேன். மதினிக்கு இது பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குகிறவளை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

பத்தாவது வாரம் முதல்முறையாக மிதந்தேன். மதினி ஒரு கையை என் முதுகுக்குக் கீழே வைத்திருந்தார். எப்போது எடுத்தார் என்று தெரியாது. காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரிக் கேட்டது. மேலே சதுரமாக வானம். சுவர் இடுக்கிலிருந்து ஒரு புறா அந்தச் சதுரத்தைக் குறுக்கே கடந்து போனது. எனக்கு உடம்பு இருக்கிறது என்பதே மறந்துபோனது. பெயர், வேலை, பிள்ளை எதுவும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தபோது கால் தரையில் பாவவில்லை. மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகு சொல்வோம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை தாள் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட நான்கு வாரம் முன்னால். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். மகள் அதை என்னிடம் கொடுக்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலுக்குக் கீழே சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டிருக்கலாம், பேனா கையில்தான் இருந்தது. ஆனால் எனக்கு நானே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். தனியாக மிதந்துவிட்டுத்தான் போடுவது. இல்லாவிட்டால் அவளை அனுப்பிவிட்டு அன்றைக்கெல்லாம் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, பஸ் கிளம்பும்போது அவளை இறக்கிக் கூட்டி வந்துவிடுவேன். அப்படிச் செய்யக்கூடியவள்தான் நான்.

ஆக அந்த ஞாயிறு, பதினொன்றாவது வாரத்தில், மிச்சமிருந்த நான்கு வாரத்து வேலையை ஒரே காலையில் முடித்துவிட வேண்டும் என்று வந்திருந்தேன். மதினி இல்லை. அவர் இல்லாததே நல்லது, தனியாக என்றால் தனியாகத்தான் என்று மனம் சொன்னது.

இன்னொன்றும் இருந்தது. அன்று தோட்டம் அமைதியாக இருந்தது. நான் வரும் நேரமெல்லாம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் கிணற்றுச் சுவரில் மோதி நெஞ்சுக்குள் வந்து அதிரும். அது பயமாக இருக்கிறது என்று மதினியிடம் பலமுறை சொல்லியிருந்தேன். அன்று இரைச்சல் இல்லை. இலை உரசுவதும் எங்கோ ஒரு செண்பகப் பறவை கத்துவதும் மட்டும் கேட்டது. எனக்காகத்தான் மதினி மோட்டாரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததும் கண் கலங்கியது. அவ்வளவு அன்பா என்று.

தோட்டக்காரர் வீட்டில் பிறந்த எட்டு வயதுப் பிள்ளைகூட அந்தத் தப்பைச் செய்யாது. மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது நாள் முழுக்க வராது, முறை வைத்து விடுவார்கள். அந்த லைனுக்கு மாதக்கணக்காக விடிகாலை முறை. நான்கு மணியிலிருந்து மோட்டார் இழுத்து இழுத்து, நான் வரும் நேரத்துக்குத் தண்ணீர் பன்னிரண்டாம் படிக்கு இறங்கியிருக்கும். நான் கிணறே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் முறையைப் பகலுக்கு மாற்றிவிட்டார்கள். இரவெல்லாம் யாரும் இறைக்காத கிணறு ஊறி ஊறி நிறைந்து நின்றது. என் நோட்டில் மின்சாரத்துக்குப் பத்தி இல்லை.

கேனை இடது கையில் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். சுவர் குளிர்ச்சியாக, பாசியின் வழுவழுப்போடு இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. காற்று வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. நான்கு, ஐந்து. பத்தாம் படியில் நின்று கேனைக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஆறு. ஏழு என்று வாய்விட்டுச் சொன்னேனா தெரியவில்லை. ஏழாம் படி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது. உள்ளங்காலில் அது பட்டதும், பாம்பை மிதித்த மாதிரிக் காலை இழுத்தேன். இன்னொரு கால் வழுக்கியது.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கண் அப்போதுதான் திறந்தது, தண்ணீருக்குள். பந்தலுக்கு அடியில் பார்த்த அதே பச்சை. தூசிகள் பொன்னாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அவசரமே இல்லை என்று தோன்றிய ஒரு கணம் இருந்தது. இதை எழுதும்போது நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவது அந்தக் கணத்தை நினைத்துத்தான். விழுந்ததை நினைத்து அல்ல. அங்கே அவ்வளவு அழகாக இருந்ததை நினைத்து.

பிறகு மூக்கில் ஏறியது. கை எதையோ அடித்தது. மோட்டாரிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் பைப்பு. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மேலே வந்தேன். இருமி இருமி மூச்சு வந்தது. வந்ததும் கண்ணை மறுபடி இறுக மூடிக்கொண்டேன். மூடுவதற்கு முன் பார்த்தது, கேன் வெள்ளையாக எதிர்ச் சுவர் ஓரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்ல முடியாது. மதினி என்று கத்தினேன். குரல் சுவரைச் சுற்றி வந்து என்னிடமே சேர்ந்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாறைத் திட்டு எங்கோ ஆழத்தில் கிடந்தது. பைப்பில் பாசி. கை நழுவும், மறுபடி இறுக்குவேன், மறுபடி நழுவும். கடவுளை நினைத்ததாக ஞாபகம் இல்லை. கைப்பையில் கிடந்த தாளை நினைத்தேன். நான் இங்கே இப்படிப் போய்விட்டால், அவள் ஆயுசுக்கும் ஒரு வாளித் தண்ணீரை நிம்மதியாகத் தொட மாட்டாள். என் அம்மா கொடுத்ததை நான் அவளுக்குக் கொடுக்கக்கூடாது என்றுதானே இத்தனை வாரம் கட்டம் போட்டு இறங்கினேன். இப்போது அதையே, காரணத்தோடு சேர்த்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன். என் பயத்துக்காவது கதை கிடையாது. அவளுக்குக் கதையும் இருக்கும்.

அதற்காகவே பைப்பை விடக்கூடாது என்று பிடித்திருந்தேன். தோள் மரத்துப்போனது. நடுவில் வெயில் வந்து ஒரு கன்னத்தில் மட்டும் சூடு தெரிந்தது. இமைக்குள் சிவப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் நான் வீட்டில் படுத்திருக்கிறேன் என்றும், எழுந்து பால் வாங்கப் போக வேண்டும் என்றும் நினைத்தேன்.

இதற்கிடையில் மேலே நடந்ததைப் பிறகு மதினி சொன்னார். கேரளாவுக்குப் பழம் ஏற்றும் லாரி அன்றைக்குச் சொல்லாமல் விடியலிலேயே வந்து நின்றுவிட்டது. மெயின் ரோட்டில் பெட்டி ஏற்றும் இடத்தைவிட்டு அவரால் நகர முடியவில்லை. நான் மெதுவாகத்தான் கிளம்புவேன், அவர் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளை ஆள் விட்டு எழுப்பி வரவழைத்து, ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

படிகளில் காலடி கேட்டது. சுவரைத் தடவி நிதானித்து வரும் காலடி அல்ல. தட தடவென்று, வீட்டு மாடிப்படியில் இறங்குகிற மாதிரி. எனக்கு நேர் மேலே வந்து நின்றது.

"அம்மா."

நான் கண்ணைத் திறக்கவில்லை. மேலே போ, கிட்ட வராதே, அத்தையைக் கூப்பிடு என்று கத்தினேன். இந்தக் கோலத்தில் என்னைப் பார்க்காதே என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அத்தை சொல்லச் சொன்னாக. கரண்டு மொறை மாறிருச்சாம், தண்ணி மேல நிக்கும், இன்னைக்கு எறங்க வேணாமாம்" என்றாள். கொண்டுவந்த சேதியைச் சொல்லி முடிக்காமல் வேறு எதையும் செய்யத் தெரியாத வயசு.  பிறகு என் பக்கமாகக் குனிந்து சொன்னாள். "கண்ணத் தொறம்மா. படி இங்கனதான் இருக்கு. ஒரு கை தூரங்கூட இல்ல."

திறந்தேன். ஆறாம் படி, ஈரமாக, என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஆனால் கை பைப்பை விட மறுத்தது. அது படி என்று தெரிகிறது, கை எட்டும் என்று தெரிகிறது, விரல் பிரியவில்லை. 

அவள் என் விரல்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஐந்தாம் படியில் வைத்தாள். பாவாடையை இழுத்துச் செருகினாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் குதித்துவிட்டாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. குதித்த இடத்திலேயே அவள் தலை மேலே வந்தது. முகத்தை ஒருமுறை உதறிவிட்டு, அவசரமில்லாமல் இரண்டு கையாலும் தண்ணீரை விலக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். கேனைப் பிடித்தாள். அதை முன்னால் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். வெயில் அவள் தோளில் உடைந்து உடைந்து சேர்ந்தது. என் வயிற்றில் பிறந்த பெண் அது என்று நம்ப முடியவில்லை. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த ஏதோ ஒரு பிராணி மாதிரி இருந்தாள்.

கேனை என் நெஞ்சுக்கு அடியில் சொருகினாள். என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பைப்பிலிருந்து பிரித்துப் படியில் வைத்தாள். பிறகு இடது கை. நான் ஏறி உட்காரும்வரை கீழே தண்ணீரிலேயே நின்றாள். நிற்க அங்கே எதுவும் இல்லை. கால் அசைந்துகொண்டே இருந்தது.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் கிட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. அவளுக்கு அது கோபமாகத் தெரிந்ததோ என்னவோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"லீவுல அத்தை சொல்லிக்குடுத்தாக" என்றாள். "ஒங்கிட்டச் சொன்னா நீ தூங்க மாட்டேன்னுதாம்மா சொல்லல."